பள்ளத்தாக்கில் இறங்கிய ஓசை

அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மாகாணத்தில் பூன் என்றொரு மலையூர் உண்டு. அவ்வூருக்கு மேலே தலைதூக்கி நிற்கும் ஹோவர்ட்ஸ் நாப் என்னும் குன்றின் உச்சியில், எண்ணெய் விலையேற்றத்தால் கலங்கியிருந்த அந்நாட்டு அரசாங்கம், நாசாவின் மேற்பார்வையில், 61 மீட்டர் விட்டத்தில் சுழலும் இரண்டு இறக்கைகளும் 2 மெகாவாட் சக்தியும் கொண்ட ராட்சஸக் காற்றாலை ஒன்றை 1979-ஆம் ஆண்டில் நிறுவிற்று.

யந்திரம் ஓடத் தொடங்கியதும் கீழே சில வீடுகளிலிருந்து முறையீடு எழுந்தது. விசித்திரம் என்னவென்றால், மூன்று கிலோமீட்டர் வட்டாரத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வசித்தும், துன்புற்றவை ஏறத்தாழப் பன்னிரண்டே. அவர்களை வாட்டியதும் வெறும் இரைச்சல் அல்ல. காதுக்கு எட்டுமுன் உடம்புக்கு எட்டிவிடுகிற, வீட்டுச் சாமான்களைக் கிடுகிடுக்கச் செய்கிற 'தொம், தொம்' என்ற அதிர்வு.

அந்த 'தொம்' பிறந்த இடத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. இக்காலத்துக் காற்றாலைகளைப் போலன்றி, அதன் இறக்கைகள் கோபுரத்துக்குப் பின்புறம் சுழன்றன. இரும்புச் சட்டங்களுக்கிடையே புகுந்து கலங்கி வரும் காற்றை, நிமிஷத்துக்கு 35 சுற்றில், இரண்டு இறக்கைகளுமாக எழுபது தடவை வெட்டின. ஆனால் அவ்வோசை ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டைத் தேர்ந்தெடுப்பானேன்? சூரியசக்தி ஆராய்ச்சி நிலையத்து நிபுணர்கள் அளந்து பார்த்ததில், குற்றவாளிகளாக அகப்பட்டவை மலையும் வானிலையும்தான். மேலே செல்லச் செல்ல வேகம் மிகும் காற்றும், இரவில் குளிர்ந்து பள்ளத்தில் தேங்கும் வாயுவின்மேல் உஷ்ணமான வாயு மூடி நிற்பதும், மேல்நோக்கிச் சென்றிருக்கவேண்டிய சப்தத்தைக் கீழே வளைக்கின்றன. சரிவுகளோ அதைப் பிரதிபலித்து, குழிந்த கண்ணாடியில் வெயில் குவிவதுபோல, சிற்சில இடங்களில் சேர்த்துவிடுகின்றன.

சமவெளியில் நிலத்தை ஒட்டி ஓடும் ஓசையைப் புல்லும் மண்ணும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். உச்சியிலிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டி வருவதற்கு அந்தத் தடையும் இல்லை. ஆகையால்தான் பிரிட்டிஷ் கணக்கீட்டு வழக்கத்தில், குழிந்த நிலத்துக்கு அப்பாலுள்ள வீட்டுக்கு 3 டெசிபல் கூட்டச் சொல்கிறார்கள். குன்று காற்றாலையை முழுதும் மறைத்து நின்றாலும், பெரும்பாலும் 2 டெசிபல்தான் கழிக்கச் சொல்கிறார்கள். மலை கொடுப்பதில் தாராளம், தடுப்பதில் கருமி என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. நம் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வெளியில், காற்றாலை சுழலும் வேளையில் பனைமட்டையும் சலசலக்கும். அந்தச் சலசலப்பில் பாதி இரைச்சல் அமுங்கிப்போகும். உச்சியில் காற்று வீசிக்கொண்டிருக்க, அடிவாரத்தில் இலைகூட அசையாத இரவு மலைநாட்டில் சாதாரணம்; அந்த நிசப்தத்தில் சிறு ஓசைக்கும் போட்டியில்லை.

பூனில் சுற்றைக் குறைத்து 23 ஆக்கிப் பார்த்தார்கள். 1983-இல் யந்திரத்தைக் கழற்றிக் குன்றிலிருந்து இறக்கிவிட்டார்கள்.