பிடிப்பதும் விடுவதும்: ஃப்ரீஸ்டைல் பைண்டிங் பற்றிச் சில விளக்கங்கள்

டிசம்பர் பிறந்து ஆல்ப்ஸ் மலைச் சரிவுகள் திறப்பதற்குள், பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று பனிச்சறுக்குக் கடைக்காரர்கள் அவசரப்படுத்தும் இந்த நாட்களில், நமக்கு வரும் வாசகர் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே ஐயத்தையே பலவாறு எழுப்புகின்றன: ஃப்ரீஸ்டைல் பழகும் பிள்ளைக்கு 13 என்று குறித்த பைண்டிங் போதுமா, 18 என்று குறித்ததை வாங்க வேண்டுமா? எண் பெரிதானால் காவலும் பெரிதாகும் என்ற இந்த எண்ணத்தை விளம்பரங்கள் ஊட்டி வளர்த்திருக்கின்றன. அதற்கு ஆதாரம் யாதொன்றும் இல்லை.

டின் என்று வழங்கும் அந்த எண், எவ்வளவு விசைக்கு மேல் பூட்ஸ் பலகையை விட்டுக் கழல வேண்டும் என்பதை மட்டும் குறிப்பது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்குபவரின் வேகமும் துணிவும் ஆகியவற்றைக் கொண்டு, ஐஎஸ்ஓ 11088 என்ற தரநிர்ணயத்தின் அட்டவணைப்படி அது கணிக்கப்படுகிறது. பைண்டிங்கின் பெயரோடு ஒட்டிவரும் 13, 16, 18 என்பவையோ அந்தக் கருவியைத் திருகி ஏற்றக்கூடிய மேல் எல்லைகள். இவற்றைப் பாதுகாப்பின் அளவு என்று விற்பனையாளர் சொல்வது மிகை.

ஃப்ரீஸ்டைல்காரரின் சங்கடம் வேறு வகையானது. ஏறக்குறைய 6.7 மீட்டர் உயரமுள்ள ஹாஃப்பைப் சுவரிலிருந்து வானில் எழும்பிச் சுழன்று, சில சமயம் முதுகு காட்டியபடியே தரையிறங்குகிறவருக்கு, வேண்டாத கணத்தில் ஒரு பலகை கழன்றுவிடுவது எலும்பு முறிவுக்குச் சற்றும் குறையாத அபாயம். தரையிறங்கும் அதிர்ச்சியோ மிகப் பெரிது, ஆனால் கணநேரத்தில் தீர்ந்துபோவது. காலை முறிக்கும் முறுக்கு அதைவிடச் சிறிதாக இருக்கக்கூடும், ஆனால் நீடித்து நிற்பது. விசையின் அளவை மட்டும் பார்த்து விடுவிக்கும் யந்திரத்தால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆகையால்தான் பலர் அட்டவணையைப் புறக்கணித்து எண்ணை ஏற்றிவிட்டு, வேண்டும்போதும் கழலாத பைண்டிங்கோடு விழுகிறார்கள்.

இந்தச் சிக்கலுக்கு நல்ல பொறியாளர்கள் கண்ட விடை, விசையைக் கூட்டாமல் தூரத்தைக் கூட்டுவது. பூட்ஸின் முனை பக்கவாட்டில் நகரத் தொடங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி அந்த ஆற்றலை உட்கொள்கிறது. நகர்வு எல்லையைத் தொடுமுன் அதிர்ச்சி ஓய்ந்துவிட்டால் பூட்ஸை மீண்டும் நடுநிலைக்கு இழுத்துவிடுகிறது. முறுக்கு ஓயாமல் தொடர்ந்தால்தான் எல்லை கடந்து காலை விடுவிக்கிறது. ஒரே விசையில் விடுவிக்கும் இரண்டு கருவிகளில், நீண்ட தூரம் நகர இடங்கொடுப்பது கூடுதல் ஆற்றலைத் தாங்கும் என்பது எளிய பௌதிகம். லுக் நிறுவனம் தன் பிவட் பைண்டிங்கின் முனைப்பகுதி 45 மில்லிமீட்டர் வரையும், குதிகால் பகுதி 28 மில்லிமீட்டர் வரையும் இவ்வாறு நகர்ந்து மீளும் என்கிறது. ழான் பெய்ல் 1948-இல் பிரான்ஸின் நெவேர் நகரில் நிறுவிய நிறுவனம் அது. 1950-இல் வெளியான அதன் நெவாடா என்னும் முனைப்பகுதியிலிருந்தே இச்சிந்தனை படிப்படியாக வளர்ந்து வந்திருக்கிறது. பிவட்டின் குதிகால் பகுதி, கணைக்காலின் அச்சுக்கு நேர் கீழே அமைந்த வட்டத் தட்டில் பூட்ஸோடு சேர்ந்து திரும்புவதால் முனையின் நகர்வுக்குக் குறுக்கே நிற்பதில்லை. அது பற்றும் இடமும் குறுகியதாகையால் பலகை தாராளமாக வளைகிறது. பூட்ஸின் நீளத்துக்கு ஏற்ப நகர்த்த வாய்ப்பு மிகக் குறைவு என்பது இதன் குறை; பூட்ஸ் மாறினால் பலகையில் புதிதாகத் துளையிட நேரலாம்.

ஆனால் இவ்வளவு சாமர்த்தியமும் முழங்காலின் முன் வந்து நின்றுவிடுகிறது. வெர்மான்ட்டின் சுகர்புஷ் மலையில் 1972 முதல் காயங்களைக் கணக்கெடுத்த எட்லிங்கர், ஜான்சன், ஷீலி ஆகியோர், கணைக்கால் முறிவு வெகுவாகக் குறைந்ததையும், முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநாரின் சிதைவு 1990-களின் தொடக்கம் வரை பெருகியதையும் பதிவு செய்தனர். பின்புறம் சாய்ந்து விழுகையில் பலகையின் வால் பனியில் கவ்விக் குதிகாலின் அருகே பக்கவாட்டு விசை தாக்கினால், முனைப்பகுதி அதை அநேகமாக உணர்வதே இல்லை. வழக்கமான குதிகால் பகுதியோ மேல்நோக்கி மட்டுமே திறக்கும். குதிகாலையும் பக்கவாட்டில் விடுவிக்கும் நீபைண்டிங், டைரோலியாவின் புரொடெக்டர் ஆகியவை இந்தக் குருட்டுப் புள்ளியை நோக்கி எழுந்த முயற்சிகள், வரவேற்கத்தக்கவையே. எனினும் தரச்சான்று பூட்ஸ் கழலும் விசைக்குச் சாட்சி கூறுகிறதேயன்றி, தசைநார் பிழைக்கும் என்பதற்கு அன்று.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக: மிகப் பழைய மாதிரிகளை உற்பத்தியாளர்கள் தாங்கள் பொறுப்பேற்கும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதால், கடைக்காரர் அவற்றைத் தொட மறுப்பது நியாயமே. நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் அடி கொண்ட பூட்ஸை, அதற்கென வகுக்கப்படாத பழைய பைண்டிங்கில் மாட்டக் கூடாது. பிரேக், பலகையின் இடையைவிடச் சற்றே அகன்றிருக்க வேண்டும். பின்னோக்கிச் சறுக்குவதற்காகப் பலகையின் நடுவை ஒட்டிப் பொருத்துவது விடுவிக்கும் விசையை மாற்றாது.

பிள்ளையின் எடையையும் திறமையையும் கூட்டியோ குறைத்தோ சொல்லாமல் உள்ளபடியே கடைக்காரரிடம் சொல்லுங்கள். எண்ணைத் திருகி வைத்ததோடு விடாமல், பரிசோதனைக் கருவியில் வைத்துக் கழலும் விசையை அளந்து, அந்த அளவை எழுத்தில் தரும்படி கேட்டு வாங்குங்கள்.