விளக்கணைந்த வீடு

சின்னம்மை கண்டால் நம் வீடுகளில் யாரும் அதிகமாகக் கலங்குவதில்லை. இரண்டு வாரத்தில் இறங்கிவிடும்; குழந்தை மறுபடியும் தெருவில் ஓடி விளையாடத் தொடங்கும். ஆனால் 1989-ம் வருஷத்தில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிஸின்' என்னும் அமெரிக்க வைத்தியப் பத்திரிகையில் வெளியான ஒரு சரித்திரம் வேறு விதமானது. ஓர் இளம் பெண்ணுக்குச் சின்னம்மை கண்டது. உயிருக்கே ஆபத்தாக முற்றியது. எப்படியோ பிழைத்தாள். பிறகு ஸைடோமெகலோ வைரஸ் என்ற வேறொரு கிருமி அவளைப் படுக்கையில் தள்ளியது. ஹெர்ப்பீஸ் என்ற அக்கிப் புண் கிருமியும் விட்டுவைக்கவில்லை. மூன்றும் ஒரே வம்சத்துக் கிருமிகள். நம்மில் பெரும்பாலோரிடம் சிறிது தலைகாட்டிவிட்டு வாழ்நாள் முழுவதும் அடங்கிக் கிடப்பவை. இந்தப் பெண்ணிடம் மட்டும் அவற்றுக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது?

வைத்தியர்கள் அவளுடைய ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். தேகத்தைக் காக்கும் மற்ற வெள்ளை அணுக்கள் இருந்தன. ஒரே ஒரு ஜாதி அணு மட்டும் அடியோடு இல்லை. அந்த அணுவைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

விஞ்ஞானிகள் அதற்கு 'நாச்சுரல் கில்லர்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். இயற்கைக் கொல்லி என்று நாம் சொல்லலாம். பெயர் பயங்கரமாயிருக்கிறது, ஆனால் அந்தப் பயங்கரத்தின் தயவால்தான் நாம் சௌக்கியமாயிருக்கிறோம். நம் ரத்தத்தில் ஓடும் லிம்போஸைட் என்னும் வெள்ளை அணுக்களில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை இந்த ஜாதியைச் சேர்ந்தவை.

இவற்றைக் கண்டுபிடித்த கதையும் வேடிக்கையானதே. பயிற்சி பெறாத வெள்ளை அணுக்கள் கூட, புற்று அணுக்களோடு சேர்த்து வைத்தால் அவற்றைக் கொன்றுவிடுவதைப் பல ஆராய்ச்சிச்சாலைகளில் பார்த்தார்கள். பரிசோதனையில் ஏதோ பிசகு என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். ஸ்வீடன் தேசத்துத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ரோல்ப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்ஸெல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மனும் மட்டும் அந்தப் பிசகையே பிடித்துக்கொண்டு போனார்கள். 1975-ல் அது பிசகல்ல, தனி ஜாதி அணுவின் வேலை என்று தெளிவாயிற்று.

ஆனால் பயிற்சியில்லாத காவலாளிக்குத் திருடன் யார் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் விஷயம் ரஸமாகிறது.

ஓர் ஊரில் இரவு முழுவதும் ஒவ்வொரு வீட்டு மாடத்திலும் விளக்கு எரிய வேண்டும் என்று கட்டுப்பாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் இருக்கும் சாமான்களில் மாதிரிக்கு ஒவ்வொன்றைத் திண்ணையில் வைத்துவிட வேண்டும் என்பதும் கட்டுப்பாடு. நம் தேகத்தின் அணுக்கள் ஏறக்குறைய இப்படித்தான் செய்கின்றன. உள்ளே உற்பத்தியாகும் புரதங்களின் துண்டுகளை ஒரு விசேஷப் புரதத்தில் ஏந்தி மேற்புறத்தில் காட்டுகின்றன. 'டி' அணுக்கள் என்னும் காவலாளிகள் அந்த வெளிச்சத்தில் பார்த்து, வைரஸின் சரக்கு திண்ணையில் இருந்தால் அந்த அணுவையே அழித்துவிடுகின்றன. ஆனால் இவை குறிப்பிட்ட வைரஸைத் தெரிந்துகொண்டு, பெருகி, படை திரட்டுவதற்கு ஒரு வாரம் போல ஆகிவிடும்.

வைரஸும் லேசுப்பட்டதல்ல. ஸைடோமெகலோ வைரஸ் அணுவுக்குள் நுழைந்ததும் முதலில் விளக்கை அணைத்துவிடப் பார்க்கிறது. வெளிச்சமில்லையானால் 'டி' அணு எதைக் கண்டுபிடிக்கும்?

அந்த இருட்டையே அடையாளமாகக் கொண்டு வருகிறது இயற்கைக் கொல்லி. விளக்கு எரியும் வீட்டைத் தொடுவதில்லை. அணைந்த வீட்டின் கதவைத் தட்டுகிறது. கிளாஸ் கார்ரே என்ற ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி இதை முதலில் ஊகித்தார். விளக்கை இழந்த புற்று அணுக்களைச் சுண்டெலிகளின் தேகம் ஒழித்துவிடுகிறது, விளக்குள்ளவை தப்பிப் பிழைக்கின்றன என்று அவரும் அவருடைய சகாக்களும் 1986-ல் காட்டினார்கள்.

விளக்கில்லாத வீடெல்லாம் திருட்டு வீடு என்று முடிவு கட்டினால் விபரீதமாகும். நம் ரத்தத்தின் சிவப்பு அணுக்களில் இந்த விளக்கு இல்லை என்றே சொல்லலாம்; அவற்றை யாரும் கொல்வதில்லை. விளக்கு அணைந்ததோடு, உள்ளிருந்து அபயக்குரலும் கேட்க வேண்டும். துன்பப்படும் அணு சில விசேஷப் புரதங்களை மேற்புறத்தில் நீட்டுகிறது. அதுவே அபயக்குரல். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தே கொல்லி தீர்மானிக்கிறது.

தீர்மானித்துவிட்டால் தாமதமில்லை. நோயுற்ற அணுவோடு ஒட்டிக்கொண்டு, பெர்போரின் என்ற பொருளால் அதன் சுவரில் துளையிடுகிறது. க்ரான்ஸைம் என்ற பொருள்கள் உள்ளே புகுந்து அந்த அணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும்படி செய்கின்றன. வீடு போனால் வைரஸ் குடித்தனம் நடத்த இடமேது? இவ்வளவும் நோய் தொற்றிய முதல் சில தினங்களிலேயே நடந்துவிடுகிறது. 1957-ல் லண்டனில் ஐஸக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடித்த இன்டர்பெரான், கொல்லிகளைத் தட்டி எழுப்பும் பறையாக இருக்கிறது. கொல்லிகளும் தம் பங்குக்கு வேறு வகை இன்டர்பெரானைச் சுரந்து மற்ற அணுக்களை உஷார்ப்படுத்துகின்றன.

வைரஸ் இதற்கும் பதில் வைத்திருக்கிறது. மனிதரைப் பற்றும் ஸைடோமெகலோ வைரஸ், அசல் விளக்கை அணைத்துவிட்டு, அதே மாதிரியான பொய் விளக்கொன்றை மாடத்தில் வைக்கிறது. எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் வைரஸின் சாமர்த்தியம் இன்னும் நுட்பமானது: 'டி' அணுக்களுக்கு மிகவும் உதவும் விளக்குகளை மட்டும் அணைத்து, கொல்லிகளைச் சமாதானப்படுத்தும் விளக்குகளில் சிலவற்றை எரியவிடுகிறது.

சுண்டெலியின் ஸைடோமெகலோ வைரஸும் இப்படி ஒரு பொய் விளக்கு வைத்திருக்கிறது. சில எலி வம்சங்களில் கொல்லிகள் அதைப் பார்த்து ஏமாந்து போகின்றன. ஆனால் ஆராய்ச்சிச்சாலைகளில் வளர்க்கப்படும் ஒரு கறுப்புச் சுண்டெலி வம்சத்தின் கொல்லிகளில் பல, அந்தப் பொய் விளக்கையே திருடனின் முகமாக அறிந்து பாய்கின்றன. இது 2002-ல் வெளியாயிற்று. இந்த அறிவு இல்லாத எலிகளில் வைரஸ் தங்குதடையின்றிப் பெருகுகிறது.

இயற்கைக் கொல்லிக்கு ஞாபகசக்தி கிடையாது என்று வெகுகாலம் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 2009-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஜோஸப் ஸன், லூயிஸ் லேனியர் முதலியோர் அந்தக் கறுப்பு எலிகளைக் கவனித்தபோது, ஒரு முறை வைரஸோடு போரிட்ட கொல்லிகள் மாதக்கணக்கில் தேகத்திலேயே தங்கியிருக்கக் கண்டார்கள். அவற்றை எடுத்துப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தி, வைரஸையும் செலுத்தினார்கள். குட்டிகளைக் காப்பாற்ற, போர் அநுபவமில்லாத கொல்லிகளைவிட மிகச் சொற்ப எண்ணிக்கையே போதுமானதாயிருந்தது.