வெளியூர் போய் வந்தவரிடம் எப்படிக் கேட்பது?

எங்கள் குருசுக்குப்பத்தில் "வூட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டால், "கடலுக்குப் போயிருக்கார்" என்றுதான் முன்பெல்லாம் பதில் வரும். இப்போது சில வீடுகளில் "குவைத்" என்கிறார்கள், சில வீடுகளில் "கேரளாவில் சென்ட்ரிங் வேலை" என்கிறார்கள். பணம் வருகிறது, கூரை வீடு மெத்தை வீடாகிறது. ஆனால் இரண்டு வருஷம் கழித்துக் கணவர் திரும்பும் நேரத்தில் மனைவிக்கு வருகிற ஒரு கவலையை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அவரு வர தேதி சொல்லிட்டாரு. சந்தோஷம்தான். ஆனா நோய் கீய் இருக்குமோன்னு பயமா இருக்கு. கேட்டா சந்தேகப்படறேன்னு சொல்லுவாரு."

நியாயமான பயம்தான் சகோதரிகளே. கெட்டவன்தான் கெட்டுப் போவான் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். அப்படியில்லை. ஓர் அறையில் பத்துப் பேர், தலைக்கு மேல் விசா கடன், பேச ஆளில்லாத ராத்திரி. சம்பளம் வந்த அன்று கூட இருப்பவர்கள் கூப்பிடுகிறார்கள், போகாவிட்டால் கேலி. குடித்த பிறகு நிரோத் ஞாபகம் யாருக்கு வரும்? பிறகு குற்ற உணர்ச்சி. டாக்டரிடம் போக வெட்கப்பட்டு, லாட்ஜில் முகாம் போடும் 'பரம்பரை வைத்தியரிடம்' போவார்கள். அவர் 'நரம்புத் தளர்ச்சி' என்று லேகியம் கொடுப்பார். (அந்த லேகியத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு மாச அரிசி வாங்கலாம்!) நோய் உள்ளேயே இருக்கும்.

இன்னொன்று. வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது ரத்தம் எடுத்து எச்.ஐ.வி. பார்க்கிறார்கள். ஊர் திரும்பும்போது யாரும் பார்ப்பதில்லை. அதனால் "மெடிக்கல்ல பாஸாகித்தானே போனேன்" என்ற பேச்சு செல்லாது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். பின்னாளில் டாக்டரம்மாவின் மையத்துக்கு வந்த பெண்களில் மிகப் பலர், தன் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத குடும்பப் பெண்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போயிற்று.

எச்.ஐ.வி. மட்டுமல்ல, பாட்டிமார் 'மேகநோய்' என்று சொன்ன சிபிலிஸும் இருக்கிறது. பெண்களுக்குப் பல சமயம் வெளியே ஒன்றும் தெரியாது. கர்ப்பம் தரித்தால் கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். ஆரம்பத்திலேயே பார்த்தால் பென்சிலின் ஊசியில் குணமாகும். ஆனால் கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் ஊசி போட்டால் நோய் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

சரி, எப்படிக் கேட்பது? "யார்கூடப் போனே?" என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். எதிர்வீட்டுப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான்: "அடுத்த குழந்தையைப் பத்தி யோசிக்கறோமே, ரெண்டு பேருமே ரத்தம் பாத்துட்டு வந்துடலாம்னு சொல்லு. 'ரெண்டு பேரும்'ங்கறதை அழுத்திச் சொல்லு." மாமியார் காதில் விழாமல், போனிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. தொற்றி மூன்று மாதம் வரை சோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே முதல் சோதனை நன்றாக இருந்தாலும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கும்வரை நிரோத் அவசியம்.

புதுச்சேரி அரசு பொது மருத்துவமனையிலும் ஜிப்மரிலும் இந்தச் சோதனை இலவசம், ஐ.சி.டி.சி. எங்கே என்று கேளுங்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாகப் பேசுவார். உங்கள் சம்மதமில்லாமல் முடிவை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எச்.ஐ.வி. இருக்கிறதென்றே வந்தாலும் 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் அது பரவுவதில்லை. மருந்தில்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து தொற்றலாம்; தாய் மருந்து சாப்பிட்டால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் தனியாக இருக்கிற அவருக்கும் அந்த நம்பரை எழுதி அனுப்பி வையுங்கள், கேரளாவிலிருந்தும் பேசலாம்.