பரணில் பழைய தபால் கவர் கிடக்கா? ஸ்டாம்பை மட்டும் வெட்டி எடுத்துடாதீங்க!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அபார்ட்மென்ட் ஆகி வருகின்றன. வீட்டைக் காலி பண்ணும்போது பரணில் இருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கும். உள்ளே பத்திரம், ஜாதகம், கூடவே ஒரு கட்டு பழைய கடுதாசி. பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுவதற்கு முன்னாடி வீட்டில் யாராவது ஒருத்தர் சொல்வார்: "ஸ்டாம்பை மட்டும் வெட்டி வெச்சுக்கலாம், நல்ல விலைக்குப் போகும்."

அந்த வெட்டுதான் விலையைக் கெடுக்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் தபாலைப் பொறுத்தவரை, ஸ்டாம்ப், முத்திரை, முகவரி மூன்றும் சேர்ந்த முழுக் கவருக்குத்தான் சேகரிப்பாளர்கள் மத்தியில் மவுசு அதிகம்.

ஏன் முழுக் கவர்?

இந்தியா முழுமைக்குமான ஸ்டாம்ப் விற்பனைக்கு வந்தது 1854 அக்டோபர் 1-ம் தேதி. கால் தோலா, அதாவது சுமார் 3 கிராம் எடையுள்ள கடிதத்துக்கு அரையணா. நாட்டுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் அதே அரையணாதான். விக்டோரியா ராணி தலை போட்ட அந்த நீல நிற அரையணா ஸ்டாம்ப் கல்கத்தாவில் கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டது. அதனால் தனி ஸ்டாம்ப் இன்றைக்கும் கிடைக்கத்தான் செய்கிறது. வயசு 170 ஆனாலும் அது அபூர்வம் இல்லை!

அதே ஸ்டாம்ப் கவரோடு இருந்தால் கதையே வேற. எந்த ஊரில் போட்டது, என்றைக்குப் போய்ச் சேர்ந்தது, யார் யாருக்கு எழுதினார் என்பதெல்லாம் அந்தக் காகிதத்திலேயே இருக்கும். 1855 முதல் வந்த ஒருவகை முத்திரையில் எழுத்தை வைத்தே மாகாணத்தைச் சொல்லிவிடலாம். வங்காளத்துக்கு ஆங்கில 'பி', மெட்ராஸுக்கு 'சி', பம்பாய்க்கு எழுத்து இல்லாமல் வெறும் எண். எழுத்துக்குக் கீழே இருக்கும் எண் எந்தத் தபால் நிலையம் என்பதைக் காட்டும். சின்ன ஊர்களில் இருந்து தபால் குறைவாகத்தான் போயிருக்கும். அதனால் சாதாரண ஸ்டாம்ப் மேல் விழுந்த ஒரு சின்ன ஊர் முத்திரைக்காகவே சேகரிப்பாளர்கள் போட்டி போடுவது உண்டு.

ஸ்டாம்பே இல்லாத கடிதம் என்றால் தூக்கிப் போட்டுடலாமா? கூடவே கூடாது. மெட்ராஸ் ஜி.பி.ஓ. தொடங்கியது 1786-ல். ஸ்டாம்ப் வருவதற்கு முன்னால் கிட்டத்தட்ட 70 வருஷம் அது ஸ்டாம்ப் இல்லாமலேயே இயங்கியது. அப்போது தனியாகக் கவர் கூட பெரும்பாலும் கிடையாது. கடிதத் தாளையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, வெளிப்பக்கம் முகவரி எழுதுவார்கள். அனுப்புபவர் பணம் கட்டியிருந்தால் சிவப்பு மையில் முத்திரை, வாங்குபவர் கட்ட வேண்டும் என்றால் கறுப்பு மையில் 'பேரிங்'. கட்டணமும் தூரத்தைப் பொறுத்து மாறும். பார்க்க அழுக்குத் தாள் மாதிரி இருக்கும் இவைதான் முதலில் குப்பைக்குப் போகின்றன.

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இதில் என்ன சம்பந்தம்?

பூந்தமல்லி அந்தக் காலத்தில் ராணுவ ஊர். பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கிய கண்டோன்மென்ட் அங்கே இருந்தது. சாதாரண சிப்பாய்களுக்கு ஒரு சலுகை உண்டு. தாய்நாட்டுக்கு ஒரு பென்னியில் கடிதம் அனுப்பலாம். ஆனால் கவர் மேலேயே பெயரும் ரெஜிமென்ட்டும் எழுதி, கமாண்டிங் ஆபீசர் கையெழுத்தும் போட்டிருக்க வேண்டும். இந்த 'சோல்ஜர்ஸ் லெட்டர்' வகையைத் தேடிப் பிடிப்பதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆவடி, அம்பத்தூர் வழியாகப் போகும் தண்டவாளத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அது இந்த வழியாகத்தான் போனது. அதுவரை மேற்கே போகும் தபாலுக்கு ஆள் ஓட்டமும் மாட்டு வண்டியும்தான் கதி.

இன்றைக்கு ஆவடியில் லோக்கல் ட்ரெயின் ஏறினால் சென்ட்ரலில் இறங்கும் இடத்தின் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். 1985-ல் தீப்பிடித்து அழியும் வரை பழைய புத்தகம், நாணயம், ஸ்டாம்ப் தேடுபவர்கள் போய் நின்ற மூர் மார்க்கெட் அங்கேதான் இருந்தது.

அமெரிக்க ஸ்டாம்ப் கிடைத்தால்?

அமெரிக்கா தன் முதல் பொது ஸ்டாம்ப்களை வெளியிட்டது 1847-ல். 5 சென்ட்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 10 சென்ட்டில் ஜார்ஜ் வாஷிங்டன். அந்த நாட்டு மிஷனரிகள் அப்போதே மெட்ராஸில் இருந்தார்கள். 1862-ல் தமிழ் அகராதி வெளியிட்ட மைரன் வின்ஸ்லோ அவர்களில் ஒருவர். சர்வதேச தபால் ஒன்றியத்தில் இந்தியா சேர்ந்தது 1876-ல்தான். அதற்கு முன்னால் அமெரிக்காவில் இருந்து ஒரு கடிதம் இங்கே வர வேண்டும் என்றால் பல நாட்டுத் தபால் துறைகளின் கையைத் தாண்டி வரணும். கவரில் முத்திரை மேல் முத்திரையாக விழுந்திருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் ஒரு மூலையைக் கூட வெட்டக் கூடாது.

தனி ஸ்டாம்பே கோடிக்குப் போவதும் உண்டு. 1868-ம் ஆண்டின் 1 சென்ட் 'இசட் கிரில்' ஸ்டாம்ப் உலகத்தில் இரண்டுதான் இருப்பதாகத் தெரிகிறது. ஒன்று நியூயார்க் பொது நூலகத்துக்குச் சொந்தம். மற்றது 2024-ல் 43 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நம்ம நாட்டில் அந்த அந்தஸ்து 1854-ம் ஆண்டின் நாலணா ஸ்டாம்ப்புக்கு. அதில் சிலவற்றில் ராணியின் தலை தலைகீழாக அச்சாகிவிட்டது. தெரிந்தவை முப்பதுக்கும் குறைவு.

உங்க கையில் இருப்பது எந்தக் காலம்?

சுற்றிலும் பல் போன்ற துளை இல்லாமல் கத்தரியால் வெட்டியது போல இருந்து, 'இந்தியா' என்று மட்டும் இருந்தால் 1854 வகையாக இருக்கலாம். அடுத்த வருஷம் முதல் லண்டனில் அச்சாகி வந்தவற்றில் 'ஈஸ்ட் இந்தியா போஸ்டேஜ்' என்று இருக்கும். 1882 முதல் 'இந்தியா போஸ்டேஜ்'. தாடி வைத்த ராஜா முகம் என்றால் அது 20ஆம் நூற்றாண்டு. பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் கிடைப்பது இந்தக் கடைசி ரகம்தான். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். லட்சங்களை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அந்த எதிர்பார்ப்பை வைத்துத்தான் மோசடியும் நடக்கிறது. பழைய நோட்டு, நாணயங்களை வாங்குவதாகச் சொல்லி, தன் பெயரைப் பயன்படுத்தி கமிஷன், வரி என்று பணம் கறக்கிறார்கள் என ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. ஸ்டாம்ப்புக்கும் இதே தந்திரம் எடுபடும். வாங்க வருபவர் உங்களிடம் முன்பணம் கேட்டால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திடுங்க.

நீங்களே ஒரு கவரை வாங்குவதாக இருந்தால், முத்திரை பாதி ஸ்டாம்ப் மேலும் பாதி காகிதம் மேலும் விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டாம்ப்போடு முத்திரை நின்றுவிட்டால், வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதாக இருக்கலாம். பின்பக்கம் போய்ச் சேர்ந்த ஊர் முத்திரை இருந்தால், முன்பக்கத் தேதியோடு பொருந்துகிறதா என்றும் பார்க்கணும். இரண்டும் சரியாக இருந்தாலும் பெரிய தொகை என்றால் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

லேமினேஷன், செல்லோ டேப், இஸ்திரிப்பெட்டி மூன்றும் வேண்டவே வேண்டாம். ராமபாணமும் கரையானும் செய்யாத சேதத்தை இவை செய்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் மூழ்கியது நினைவிருக்கும். கீழ்த்தளத்தில் வசிப்பவர்கள் பெட்டியை உயரத்தில் வைப்பது நல்லது. மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் எழுதவும் கூடாது.

யாரிடம் காட்டுவது? அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்தில் உள்ள ஃபிலாட்டலிக் பீரோ புது வெளியீடுகளை விற்கும் இடம். பழசுக்கு விலை கேட்க, 1956 முதல் சென்னையில் இயங்கும் தென்னிந்திய தபால்தலை சேகரிப்பாளர் சங்கம் போன்ற இடங்களில் அனுபவம் உள்ளவர்களைத் தேடலாம். ஒருவர் சொன்ன விலையோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். வெளிநாட்டுக்காரருக்கு விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு விஷயம்: 100 ஆண்டுகளைத் தாண்டிய வரலாற்றுப் பொருட்களை அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு அனுப்ப 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. பழைய கவரும் அதற்குள் வரக்கூடும் என்பதால், பார்சல் கட்டுவதற்கு முன் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள்.