எழுதி வைப்பது அவநம்பிக்கையா?

 

"ஹஜ்ரத், சிறிய தொழில்தான் செய்கிறோம். அதைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா?" ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பலர் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் உள்ளத்தில் இரண்டு தயக்கங்கள் இருக்கும். பதிந்தால் வரி வந்துவிடுமே என்பது ஒன்று. "மச்சானிடம் போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றால், சந்தேகப்படுவதாக நினைக்க மாட்டாரா?" என்பது மற்றொன்று.

இரண்டாவது தயக்கத்திற்குத் திருமறையே விடை தருகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தவணைக் கடன் சிறிதாயினும் பெரிதாயினும் சலிப்படையாமல் எழுதிக்கொள்ளுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் அது பணிக்கிறது. உடனுக்குடன் கைமாறும் ரொக்க வியாபாரத்தை எழுதாமல் விடுவது குற்றமில்லை என்று சலுகையும் தருகிறது. இக்கட்டளை ஈமான் கொண்டோரை அழைத்தே சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள். நம்பிக்கைக்குரியவர்களுக்கிடையேதான் எழுத்து வேண்டும் என்கிறான் இறைவன். அப்படியிருக்க, எழுதுவது எப்படி அவநம்பிக்கையாகும்?

எங்கள் ஜமாஅத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மச்சானும் மச்சானும் சேர்ந்து பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை நடத்தினார்கள். பத்து ஆண்டுகள் ஒரு சொல் பிசகியதில்லை. ஒரு தாளும் எழுதியதில்லை. வெளியூர் வியாபாரி ஒருவர் பெருந்தொகையைத் தராமல் இழுத்தடித்தபோது வக்கீலிடம் போனார்கள். "கூட்டு நிறுவனம் பதிவாகவில்லை, வழக்குப் போட முடியாது" என்றார் அவர். அதன் பிறகும் அவர்கள் விழித்துக்கொள்ளவில்லை. ஒருவர் திடீரென வஃபாத்தானார். பட்டறை தொடங்க அவருடைய மனைவியின் நகை விற்கப்பட்டிருந்தது. அது மனைவி கொடுத்த கடனா, அன்பளிப்பா, கணவரின் முதலீடா? கடன் என்றால் வாரிசுப் பங்கீட்டுக்கு முன்பே அந்தப் பெண்ணுக்குத் திருப்பித் தர வேண்டும். கணவரின் முதல் என்றால், பிள்ளைகள் இருப்பதால் அதில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்குதான். பதில் தெரிந்தவர் கபுரில் இருந்தார். இத்தா முடிந்த கையோடு அந்தச் சகோதரி ஜமாஅத்தின் முன் வந்து அமர்ந்தபோது, அவருக்குச் சேர வேண்டியதை எங்களால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. கடைசியில் சலித்துப்போய், கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு எழுந்து போனார். மோசம் செய்தவர் அங்கு எவருமில்லை. எழுத்து மட்டுமே இல்லை.

இனிச் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அதன் 69ஆம் பிரிவின்படி, பதிவு பெறாத நிறுவனம் தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக வெளியார் மீது வழக்குத் தொடுக்க இயலாது. அதன் மீது பிறர் தொடுக்கலாம். நிறுவனத்தைக் கலைக்கவும் கலைந்ததன் கணக்கைக் கேட்கவும் பங்காளிக்கு வழி உண்டு. எனினும் பத்திரம் இல்லையேல் பங்கை நிரூபிப்பது கடினம். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது இலாபம் சமபாகம் என்றே சட்டம் கொள்ளும். வேறு ஒப்பந்தம் இல்லையேல், ஒரு பங்காளி இறந்தால் நிறுவனமும் பொதுவாகக் கலைந்துவிடும்.

ஆகவே கூட்டாகத் தொழில் செய்வோர் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதுங்கள். யார் எவ்வளவு முதல் போட்டார், எது கடன், இலாப நட்டம் எந்த விகிதம், ஒருவர் இறந்தால் கணக்கை எப்படி முடிப்பது ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். பிறகு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதியுங்கள். புதிய பங்காளி சேர்ந்தால் அவர் பெயரையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஆனால் ஒன்றை மறவாதீர்: பதிவு உங்களைக் கடனிலிருந்து காக்காது. நிறுவனத்தின் கடனுக்குப் பங்காளிகளின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும்.

வரி அச்சத்திற்கு வருவோம். நிறுவனப் பதிவு வேறு, ஜிஎஸ்டி பதிவு வேறு. தமிழ்நாட்டில் பொருள் விற்போருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையும், சேவை செய்வோருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வெளிமாநிலத்திற்குச் சரக்கு விற்போருக்கு இந்த வரம்புச் சலுகை பொதுவாகக் கிடையாது. 2020 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர். உணவுப் பண்டம் செய்வோர் மட்டும், வீட்டில் செய்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்தே ஆக வேண்டும்.

தனியாளாக ரொக்கத்திற்கு விற்கும் சிறு கடைக்காரரே! கூட்டு நிறுவனப் பதிவு உமக்குத் தேவையில்லை. கணக்கு நோட்டும், உம் தொழிலுக்குரிய உரிமமும் போதும். ஆனால் இன்னொருவர் பணம் உள்ளே வந்துவிட்டதா? கடனுக்குச் சரக்குப் போகிறதா? அன்றே எழுதிப் பதிந்துவிடுங்கள். மனம் ஒத்திருக்கும்போது எழுதுவது எளிது. கசந்த பிறகு எவரும் கையெழுத்திட மாட்டார்.

அநாதைகளின் பங்கும் விதவைகளின் உரிமையும் நம்முடைய சோம்பலால் அழிந்துவிடாமல், நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக வைத்துக்கொள்ள வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.