மூச்சைத் திணறச் செய்யும் புல் எது?

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் குமாரலிங்கபுரத்துக் கரிசல் வரப்புகளில் அருகும் கொழுக்கட்டைப் புல்லும் பூக்கின்றன. மானாவாரிக் கம்பும் சோளமும் கதிர் வாங்குகின்றன. அந்நாட்களில் அங்கத்தினர் சிலருக்கு ஓயாத தும்மல், கண்ணரிப்பு, இரவில் இழுப்பு ஆகியவை தோன்றுவதுண்டு. நெசவாளர் தறித் தூசியைக் காரணமாகச் சொல்வர். விவசாயிகள் பருத்திப் பூவையோ பனியையோ குறை கூறுவர். உண்மைக் காரணத்தை அறியாவிடில், வீணாகத் தொழிலைக் கைவிடவும் பயனற்ற மருந்துக்குப் பணம் செலவிடவும் நேரும். ஆதலின் இவ்விஷயத்தை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

பருத்தியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் அதிக தூரம் செல்லாது. புல்லினமோ காற்றையே நம்பியிருப்பதால் மகரந்தத்தை ஏராளமாகத் தூவுகிறது. மேல்நாட்டார் ‘வைக்கோல் காய்ச்சல்’ என வழங்கிய நோய்க்கு அதுவே காரணமென மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி 1873-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். பசை தடவிய கண்ணாடித் தகட்டைக் காற்றில் வைத்து, ஒட்டிய துகள்களை நுண்ணோக்கியால் எண்ணினார். தம் உடலிலேயே மகரந்தத்தைப் பரீட்சித்தும் பார்த்தார்.

இங்கு ஒரு சங்கடம் உண்டு. சீமைக் கருவேலின் மகரந்தத்தைப் புல்லின் மகரந்தத்திலிருந்து நுண்ணோக்கியால் பிரித்தறியலாம். ஆனால் புல்லினங்களுக்குள் எல்லாம் ஒரே சாயல்: உருண்டை வடிவம், ஒரே துவாரம். மக்காச்சோளத்தின் துகள் பெரிதாயிருப்பதால் அது தெரியும். அருகையும் கொழுக்கட்டைப் புல்லையும் வேறுபடுத்துவது அரிது. 2019-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் காற்றில் பிடித்த மகரந்தத்தின் டி.என்.ஏ.வைச் சோதித்து, எக்காலத்தில் எப்புல் மிகுகிறதெனக் காட்டினர்.

நோயாளிக்கு உதவுவது தோல் பரிசோதனை. மகரந்தச் சாற்றின் துளியை முன்கையில் இட்டு ஊசிமுனையால் இலேசாகக் குத்துவர். 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பு எழுந்தால் ஒவ்வாமை இருக்கலாம். குளிர்நாட்டுப் புற்களின் புரதங்களும் அருகின் புரதங்களும் பெரிதும் வேறானவை. ஆகவே, அருகின் சாறும் பரிசோதனையில் சேர்ந்துள்ளதா என மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

தடிப்பு மட்டுமே தீர்ப்பன்று. உபாதை தோன்றும் காலமும் அதனுடன் பொருந்தவேண்டும். எனவே அங்கத்தினர் நாட்குறிப்பு ஒன்று வைத்துக்கொள்க. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகுமாயின் பஞ்சுத் தூசியை ஐயுறலாம். தறி ஓடாத நாளிலும், புல் பூக்கும் வாரங்களில் உபாதை மிகுமாயின் மகரந்தத்தை ஐயுறலாம். அக்குறிப்பு மருத்துவருக்குப் பெருந்துணையாகும்.

இழுப்பை அற்பமென எண்ணலாகாது. 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், இடிமழைக் காற்றோடு ரைப்புல்லின் மகரந்தம் பரவி, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளை நாடினர். 10 பேர் மாண்டனர்.

தறிக்கூடத்தைச் சுற்றியுள்ள புல்லைப் பூக்குமுன் அறுத்து மாட்டிற்கு இடுக. பூத்த புல்லை அறுப்போர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்தைத் தாமாக நிறுத்தற்க. காரணத்தை அறிந்தவருக்குக் காப்பும் எளிது. தொழிலைத் துறக்க வேண்டியதுமில்லை.