நெடுநாள் நிற்கும் காரும் அதன் நிறுத்தத் தடையும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழமுடையது. இத்தகைய சுரங்கங்களில் ஆட்களையும் கனிக்கல்லையும் ஏற்றியிறக்கும் கூண்டு, உருக்குக் கயிற்றில் தொங்குவது. அக்கயிற்றைச் சுற்றும் எந்திரத்தின் தடையமைப்பில் ஒரு நியதி உண்டு. தடையை அழுத்துவது எடையோ சுருள்வில்லோ ஆகும். அதை விடுவிப்பதற்கே எந்திர சக்தி வேண்டும். ஆகவே சக்தி அற்றுப்போனால் தடை தானே பற்றிக்கொள்ளும்.

சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அதன்பின் அங்குள்ளோர் பலர் வேலை நாடிப் பெங்களூருக்கு ரயிலேறிச் செல்கின்றனர். வெளியூரில் தங்க நேர்ந்தால் காரை வாரக்கணக்கில் வாயிலிலேயே விட்டுச் செல்வதும் உண்டு. புதிய கார்கள் பலவற்றில் கைப்பிடித் தடைக்குப் பதிலாக அமைந்துள்ள மின் நிறுத்தத் தடையோ, சுரங்கத் தடையினின்றும் வேறுபட்ட நியதியை உடையது.

பொத்தானை இயக்கியதும் சிறு மின்மோட்டார் ஒன்று பற்சக்கரங்களின் வழியே ஒரு திருகாணியைச் சுழற்றுகின்றது. திருகாணி தள்ள, உராய்வுப் பட்டைகள் பின்சக்கரத்தின் வட்டத்தகட்டை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கின்றன. திருகாணியின் புரிச்சாய்வு மிகக் குறைவாதலால், எதிர் அழுத்தம் அதைப் பின்னோக்கிச் சுழற்ற இயலாது. மின்சாரமின்றியே பிடி நிலைக்கும். இதன் விளைவு யாதெனில், மின்கலம் வறண்டுவிட்டால், இட்ட தடை இட்டபடியும் விட்ட தடை விட்டபடியும் நின்றுவிடும்.

துருவேறுதல் மற்றொரு தொல்லை. வட்டத்தகடு வார்ப்பிரும்பால் ஆனது. மழையில் நனைந்தபின்போ வண்டியைக் கழுவியபின்போ தடையை இட்டால், பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே ஈரம் தங்கிவிடும். பிராணவாயுவுடன் கூடி அங்கு விளையும் துரு இரண்டையும் பசைபோல் ஒட்டிவிடுகின்றது. ஆசிரியர்கள் இதை வகுப்பில் எளிதாகக் காட்டலாம்: தேய்த்துத் துலக்கிய இரு இரும்புத் தகடுகளுக்கிடையே ஈரத்தாளை வைத்து, மேலே கல்லை ஏற்றி, நாள்தோறும் சிறிது நீர் தெளித்து வந்து, 10 நாள் கழித்துப் பிரித்துப் பார்க்கச் செய்க.

இவ்விரு காரணங்களால், நெடுநாள் நிற்கவேண்டிய வண்டிக்கு இத்தடையை இடாமல் விடுவது நலம். ஆனால் வேறு பிடி இல்லாமல் விடுதல் பேராபத்து. 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் 20 அடிக்கு 1 அடி சரிவில் நின்றால், அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 60 கிலோகிராம் எடைக்குச் சமம். சக்கரம் உருள்வதிலுள்ள தடையோ 12 கிலோகிராம் அளவினதே. 100 அடிக்கு 1 அடிக்கும் சற்று மிகுந்த சரிவே வண்டி உருளப் போதுமானது. அச்சரிவைக் கண்ணால் அறிவது அரிது. குழந்தைகள் விளையாடும் தெருவில் இதைச் சிறிதும் அலட்சியம் செய்யலாகாது.

எனவே சமதரையைத் தேர்க. கையால் பல் மாற்றும் வண்டியை முதற்பல்லிலோ பின்செல்லும் பல்லிலோ நிறுத்துக. அப்போது எந்திரத்தின் உள்ளழுத்தம் சக்கரத்தை எதிர்த்து நிற்கும். தானியங்கி வண்டியில் ‘பி’ நிலையில் ஒரு சிறு உருக்குக் கொக்கி பற்சக்கரத்தில் விழுந்து பிடிக்கின்றது. அச்சிறு கொக்கியை மட்டும் நம்பிவிடாமல் சக்கரத்தின் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்தல் இன்றியமையாதது. லாரி ஓட்டிகள் கல் வைப்பது இதற்காகவே. ஆயினும் உருண்டைக்கல்லைவிட ஆப்பு வடிவ மரக்கட்டையே சிறந்தது. சரிவில்தான் நிறுத்த இடமுண்டு எனில், துருவைப் பொருட்படுத்தாது தடையை இட்டே செல்க.

சில வண்டிகளில் எந்திரத்தை நிறுத்தியவுடன் இத்தடை தானே விழுந்துவிடும். அதைத் தவிர்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறுமாதலால் கைந்நூலைப் பார்த்தறிக. மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவைப்போர் பல்லையும் தடையையும் முதலிலேயே ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும். பின்னர் அவற்றை மாற்ற இயலாமற் போகலாம்.

திரும்பி வந்து வண்டியை எடுக்கும்போது, காற்தடையை மிதித்துக்கொண்டபின் மற்றொருவரைக் கொண்டு முட்டுக்கட்டைகளை அகற்றுக. தகட்டின் வெளிப்புறத்து மென்துரு முதற்சில நிறுத்தங்களில் கரகரவென்று தேய்ந்துவிடும், அதற்கு அஞ்சவேண்டியதில்லை. இட்டுவைத்த தடை ஒட்டிக்கொண்டிருந்தால் வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்கலாம். அதற்கும் விடாவிடில் எந்திரத்தை முடுக்கி இழுத்தல் கூடாது. பட்டையின் உராய்வுப் பொருள் தன் உருக்குத் தகட்டினின்றும் பெயர்ந்துவிடக்கூடும். சக்கரத்தைக் கழற்றிச் சரிசெய்ய மெக்கானிக்கை அழைப்பதே முறை.